வயிற்றுக்குத்து நாளில் பிடித்த மீன்

போன மாதம் மகளின் கைப்பந்துப் போட்டிக்காக வேறோர் ஊருக்குப் போய் ஹோட்டலில் தங்கினோம். அறைக்குள் நுழைந்ததும் மகள் வைஃபை எங்கே என்று தேடினாள். நான் கட்டிலில் குப்புற விழுந்து தலையணையை மணந்துகொண்டு கிடந்தேன். சூடான இயந்திரத்தில் அழுத்தி எடுத்த வெள்ளைத் துணிக்கென்று ஒரு மணம் உண்டு. கொஞ்சம் சவர்க்காரம், கொஞ்சம் கருகல், காயாத ஈரம் ஒரு துளி. மகள் திரும்பிப் பார்த்து, "அப்பா, பின்லி" என்றாள். மானத்தை வாங்காதீர்கள் என்பதற்கு இங்கத்தைய மொழியில் அதுதான் சொல். பதினாலு வயதில் அவளுக்கு நான் மூச்சு விடுவதே பின்லிதான். அந்த மணத்துக்குள் அப்பா மூன்று வருடம் அடைபட்டுக் கிடந்தவர் என்று அவளிடம் எங்கே சொல்வது? உங்களிடம் சொல்லலாம், நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

ஓஸ்லோ நடுவில் ஒரு பெரிய ஹோட்டல். அதன் நிலத்துக்குக் கீழே இரண்டாவது தட்டில் லோன்றி, துணி வெளுக்கிற இடம். அங்கேதான் எனக்கு வேலை. மேல் மாடிகளிலிருந்து ஒரு தகரக் குழாய் வழியாக அழுக்குத் துணி தொம் தொம்மென்று வந்து விழும். அதற்குள் என்னென்ன வரும் என்று கேட்காதீர்கள். ஒற்றைச் சப்பாத்து வந்திருக்கிறது, கட்டுப்பல் வந்திருக்கிறது, ஒருமுறை பாதி தின்ற வாஃபிள் ஜாமோடு வந்தது. யன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதைத் துவாய்களைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்போம். மழை நாளில் விருந்தாளிகள் துவாயால் சப்பாத்துத் துடைப்பார்கள். குளிர் மாரிகாலத்தில் இருட்டோடு இறங்கி இருட்டோடு ஏறுவேன். சனி ஞாயிறு மட்டும் சூரியனைக் காண்கிற ஆளாக இருந்தேன்.

ஏன் விட்டுவிட்டு வரவில்லை என்று கேட்பீர்கள். காரணம் சுகந்தி. யாழ்ப்பாணத்தில் கலியாண எழுத்து முடிந்து பத்து மாதம். அவள் தாய் வீட்டில் இருந்தாள். நிரந்தர வேலை என்று ஒரு கடிதம் இல்லாமல் அவளை இங்கே எடுக்க முடியாது. எனக்கு அப்போது ஆறு மாதச் சோதனைக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. முடிவில் மேல்மாடி முதலாளி கீழே இருக்கிற மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேட்பார். அவர் ஓம் என்றால் கடிதம். இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து. சுகந்தி ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் முதலில் கேட்பது, "கடிதம் வந்திட்டுதோ?" இரண்டாவதாகத்தான் "சாப்பிட்டிட்டீங்களோ?" அவள் மேல் கோபம் வரும். பிறகு அந்தக் கோபத்தை நினைத்து என் மேலேயே கோபம் வரும்.

அந்த மேற்பார்வையாளர் பரமண்ணை. எண்பதுகளின் கடைசியில் பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்து, வடதுருவத்துப் பக்கம் அந்தச் சின்ன ஊரின் மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் மீன் வெட்டியவர். தோள்மூட்டு இரண்டும் போன பிறகு ஓஸ்லோவுக்கு இறங்கினார். மனிதர் மீன் தின்ன மாட்டார். மத்தியானம் சோறும் பருப்பும் கத்தரிக்காயும்தான். நான் ஒருநாள் சூடைமீன் பொரியல் கொண்டுபோனபோது, "அதை வெளியில வைச்சுச் சாப்பிடு" என்றார். இரண்டு தட்டு நிலத்துக்குக் கீழே வெளி எங்கே இருக்கிறது? படிக்கட்டில் இருந்து சாப்பிட்டேன். அதிகம் கதைக்காதவர், யாராவது பொய் சொன்னால் மட்டும் கொதித்துவிடுவார். என்னை வேலைக்குச் சேர்த்தது அவருடைய சொல்தான்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் குரோருட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அங்கிருந்து ரயில் வெளிச்சத்தில்தான் வரும், நகரத்துக்குக் கிட்ட வந்ததும் சுரங்கத்துக்குள் இறங்கும். அன்று காலை மேடையில் நிற்கிறேன், முதுகில் வெயில் விழுகிறது, ரயில் வந்து கதவு திறக்கிறது. கால் ஏற மாட்டேன் என்றது. வேறு விளக்கம் என்னிடம் இல்லை. கதவு மூடியது, ரயில் போனது, நான் நின்றேன். பரமண்ணைக்கு அழைத்து, "வயித்துக்குத்து அண்ணை, ஏகன்மெல்டிங் எடுக்கிறன்" என்றேன். இந்த நாட்டில் மருத்துவரிடம் போகாமலே, எனக்குச் சுகமில்லை என்று நாமே எழுதிக் கொடுத்து மூன்று நாள் லீவில் நிற்கலாம். அதுதான் ஏகன்மெல்டிங். ஆளை நம்பிச் செய்த ஏற்பாடு. அதனால் அதில் பொய் சொன்னவனுக்கு மன்னிப்பு இல்லை. "சரி, படு" என்றார் பரமண்ணை.

நான் படுத்தேனா? அறைக்கு ஓடினேன். குறொன்லாண்ட் என்கிற ஓஸ்லோக் கடைத்தெருவில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய தூண்டில் தடி கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வெளியே ஓர் ஏரிக்குப் போனேன். ரயிலும் பேருந்தும் மாறிப் போக வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன், மீன் பிடிக்கிறவனிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். வழியில் பெட்ரோல் கடையில் மீன்பிடி அனுமதிச் சீட்டு வாங்கினேன், என் பெயரும் அன்றைய திகதியும் போட்டு. வேலைக்குப் பொய் சொன்ன மகாராசா ஏரிக்கு மட்டும் சட்டப்படி போனார்.

மத்தியானம் வரை ஒன்றுமில்லை. கரண்டி போன்ற தகட்டைத் தங்கூசி நூலில் கட்டி நாணல் ஓரமாக எறிந்து எறிந்து இழுத்தேன். ஒருமுறை எதிலோ மாட்டியது. மரக்குற்றி என்று நினைத்து, தகடு போச்சு என்று மனதுக்குள் திட்டினேன். பிறகு மரக்குற்றி நடக்கத் தொடங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, கை விறைத்துப்போனது. நான் என்ன கத்தினேனோ, கரை ஓரமாக ஓர் அறுபது வயது நோர்வேப் பெண் இடுப்புவரை றப்பர் சப்பாத்தோடும் பெரிய வலையோடும் ஓடி வந்தார். வலைக்குள் வந்த பிறகுதான் முழுதாகப் பார்த்தேன். யெட்டெ என்பார்கள் இங்கே. நம்மூர்ச் சீலா மீனை நன்னீரில் விட்டு, வாயை இரண்டு மடங்காக்கி, பச்சை உடம்பில் வெளிறிய புள்ளி வைத்தால் அது. ஈரப் பாயை விரித்து அந்தப் பெண் அளந்தார். நூற்றுப் பதினொரு சென்டிமீற்றர். "இந்த ஏரியில இவ்வளவு பெரிசு நான் காணேல்லை" என்று அவர் மொழியில் சொன்னார்.

உடனே கைத்தொலைபேசியை எடுத்தார், படம் பிடிக்க. நான் இரண்டு கையாலும் முகத்தை மூடினேன்.

"ஏன், பொலிஸ் தேடுதோ?"

"இல்லை. சுகமில்லை எண்டு லீவில நிக்கிறன்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு தொலைபேசியைப் பைக்குள் போட்டு, "அப்ப நான் ஒருதரையும் காணேல்லை" என்றார். "விடப் போறாய்தானே? முட்டை போட்டு முடிஞ்ச தாய் மீன்."

உண்மையைச் சொல்கிறேன். எனக்குக் கருணை ஒன்றும் பொங்கவில்லை. அந்த மீனைப் பார்த்தபோது முதலில் தெரிந்தது குழம்புச் சட்டி. பிறகு தெரிந்தது குரோருட் ரயில். ஒரு மீற்றருக்கு மேல் நீளமான மீனைத் தோளில் போட்டுக்கொண்டு, வயிற்றுக்குத்துக்காரன், பெட்டிக்குப் பெட்டி நம்மாட்கள் இருக்கிற ரயிலில் எப்படி ஏறுவது? அன்று பின்னேரத்துக்குள் பரமண்ணையின் காதுக்குப் போயிருக்கும். பயத்தில்தான் விட்டேன். இதை இத்தனை வருடம் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அந்தப் பெண் நீண்ட இடுக்கியால் கொக்கியைக் கழற்றும்போது தலையைப் பிடித்திருந்த என் கை வழுக்கியது. வாய் மூடியது. பெருவிரலின் அடிப்பக்கம் உள்ளே அகப்பட்டுவிட்டது. அவர் தாடையை நெம்பித் திறந்து, தன் கைலேஞ்சித் துணியால் கட்டிவிட்டார். இரத்தம் நிற்கவில்லை. அந்தக் கையோடுதான் மீனைத் தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்திருந்தேன், ஒரு கை வால் ஒடுங்குகிற இடத்தில், மறு கை வயிற்றுக்குக் கீழே. செவுள் மெல்லத் திறந்தது, மூடியது. வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு உடம்பு முழுக்க ஒரு முறுக்கு. கையில் ஒன்றுமில்லை. அது பாய்ந்து ஓடவில்லை, அவசரமில்லாமல் போனது. கொஞ்சத் தூரம் முதுகு தெரிந்தது, பிறகு தண்ணீர் மட்டும் தெரிந்தது. நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவ்வளவு சந்தோசம் இந்த நாட்டில் எனக்கு அதுவரை வந்ததில்லை.

திரும்பும் பேருந்தில் அனுமதிச் சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்தேன். சாட்சி இருக்கக்கூடாதாம். பெரிய புலனாய்வு மூளை.

வியாழக்கிழமை வேலைக்குப் போனேன். கட்டுப் போட்ட கையால் படுக்கை விரிப்பை மடிக்க முடியவில்லை. பரமண்ணை கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"என்ன கை?"

"பேணித் தகரம் வெட்டிப் போட்டுது அண்ணை."

"வயித்துக்குத்துக்காரனுக்குப் பேணியில என்ன வேலை?" கதவைச் சாத்தினார். "ஆற்றை கிச்சினில கள்ளமா நிண்டனீ? உண்மையைச் சொல்லு. என்ரை சொல்லிலதான் உன்னை எடுத்தவை."

மடக்கிவிட்டார். சுகவீன லீவில் இன்னோர் இடத்தில் வேலை செய்தவன் என்றால் கடிதம் மட்டுமா போகும், பெயரே போய்விடும்.

"கிச்சினில்லை அண்ணை. மீன் பிடிக்கப் போனனான். மீன்தான் கடிச்சது."

"எங்கை மீன்?"

"விட்டுட்டன்."

அவர் முகம் கறுத்தது. "டேய், என்னைப் பேய்க்காட்டாத. ஆராவது மீனைப் பிடிச்சுப்போட்டு விடுவானோ?"

சீட்டு இல்லை, படம் இல்லை, அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. குழாயிலிருந்து துணி விழுந்துகொண்டே இருந்தது. சுகந்திக்கு என்ன சொல்வது என்று மட்டும் மனம் சுற்றிச் சுற்றி வந்தது. அந்த விசயத்தில் அவரிடம் முதல் தடவையாகப் பொய் கலக்காமல் கதைத்தது அப்போதுதான், அதைத்தான் அவர் நம்பவில்லை.

பரமண்ணை என் கையைப் பிடித்து இழுத்துக் கட்டை அவிழ்த்தார். வெளிச்சத்துக்குக் கீழே பிடித்து ஒவ்வொரு காயமாகப் பார்த்தார். விரலால் தடவினார்.

"பல்லு உள்ளுக்குச் சாய்ஞ்ச சாதி. செத்த மீனே என்ரை கையை எத்தினை தரம் கிழிச்சிருக்கு." பிறகு குரல் மாறிவிட்டது. "உயிரோட அது எப்பிடியடா இருந்தது?"

எனக்கு விளங்கவில்லை.

"பதினொரு வருசம் வெட்டினனான். எல்லாம் பெட்டியில செத்துத்தான் வரும். கடலுக்கு ஒருநாளும் எங்களைக் கொண்டு போகேல்லை. உயிரோட ஒண்டு கிட்டத்தில நான் காணேல்லை."

சொன்னேன். தண்ணீருக்குள் அது நின்றதையும் போனதையும். அவர் கையை மறுபடி கட்டிவிட்டு, "போய் மடி" என்றார். மேல்மாடி முதலாளியிடம் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சோதனைக் காலம் முடிந்த கிழமை கடிதம் வந்தது. அதை என் கையில் தரும்போது, "அடுத்த வருசம் என்னையும் அங்கை கூட்டிக்கொண்டு போ" என்றார்.

மாரியில் சுகந்தி வந்தாள். அடுத்த மே மாதம் அவள் கட்டித் தந்த புட்டோடு நானும் பரமண்ணையும் போனோம். அவர் கல்லில் இருந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரமாக ஒரு சின்ன யெட்டெ அகப்பட்டது, முழங்கை அளவு. துள்ளத் துள்ள அவர் கையில் கொடுத்து, "பாருங்கோ அண்ணை, இடுக்கி எடுத்திட்டு வாறன்" என்று பைக்குள் கை விட்டேன். இடுக்கி அடியில் கிடந்தது. எடுத்துத் திரும்பினால், கல்லில் வைத்திருந்த என் கத்தி அவர் கையில். தலை ஒரு பக்கம், முள் ஒரு பக்கம், கல்லின் மேல் இரண்டு துண்டு சதை தோல் உரித்து, ஒரு கீறல் பிசகாமல் கிடந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கை தானா வெட்டிப்போட்டுது" என்றார். "நான் பாக்கேல்லையடா. பாக்கவே இல்லை."

இன்னொன்று பிடிப்போம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டி, கையைத் தண்ணீரில் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். பேருந்தில் ஏறிய பிறகுதான் கதைத்தார். "நீ விட்டது எப்பிடிப் போனது எண்டு திரும்ப ஒருக்காச் சொல்லு."

அதன் பிறகு லோன்றியில் எத்தனையோ மத்தியானம், பருப்பைக் குழைத்துக்கொண்டு கேட்பார். நான் தூண்டில் எறிந்ததிலிருந்து தொடங்கினால் கையைக் காட்டி மறிப்பார். "பிடிச்ச கதை வேண்டாம். போன கதையைச் சொல்லு." சொல்லுவேன். சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும்.

அந்த லோன்றி இப்போது இல்லை. துணியெல்லாம் லொறியில் ஏறி ஊருக்கு வெளியே ஏதோ ஆலைக்குப் போகிறதாம். பரமண்ணை போன வருடம் போய்விட்டார். செத்த வீட்டில் அவரைப் பற்றி எல்லாரும் கதைத்தார்கள், மீன் வெட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை என்றார்கள். மீன் கதையை நான் இன்றும் சொல்வதுண்டு. சுகந்தி நம்ப மாட்டாள், மற்றவர்கள் பாதி நம்புவார்கள். எவ்வளவு நீளம் என்று கேட்பார்கள், எவ்வளவு பாரம் என்று கேட்பார்கள். எப்படிப் போனது என்று ஒருவரும் கேட்பதில்லை.