பர்மா பூதத்தின் முழங்கால்

பயில்வான்கள் எழுதும் சுயசரிதையைப் போல் சலிப்பூட்டும் சரக்கு வேறு இல்லை. உத்தமபாளையத்தில் அச்சகம் வைத்திருக்கும் நான் அப்படி மூன்றை அச்சடித்திருக்கிறேன். பிறந்தார்கள், பாதாம் தின்றார்கள், ஜெயித்தார்கள். தோற்றவன் யார், அவன் அன்று என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான், எதுவும் இருக்காது. நாலாவதாக வந்தது கம்பம் அப்துல் காதர் ராவுத்தருடையது. அதிலும் பாதாம் இருந்தது.

2003இல் மகள் சமீனாவின் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஐநூறு பிரதி கேட்டார். பொருட்காட்சிக் குஸ்திகளில் வருடக்கணக்காக ஜெயித்த கதை. தோற்றது பெரும்பாலும் ஒரே ஆள், முகமூடி போட்ட 'பர்மா பூதம்'.

பூதத்தின் உண்மைப் பெயர் சுருளியாண்டி. பர்மாவைக் கண்ணால் பார்த்ததில்லை. சுருளிப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் காவல் இருந்தார். வலது முழங்கால் மடங்காது. புத்தகம் அச்சாவது தெரிந்து பஸ் ஏறி வந்துவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"போடியில நடந்தது இருக்கா தம்பி? அதை மட்டும் படிங்க."

படித்தேன். 'போடியில் பர்மா பூதத்தைத் தலைக்கு மேல் தூக்கி அடித்து, அவன் காலை உடைத்தேன்.'

மடங்காத காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னார். குஸ்தி எல்லாம் மத்தியானமே பேசி முடித்ததுதானாம். எப்போது விழ வேண்டும் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. கையைப் பிடிக்கும்போது ராவுத்தர் இரண்டு முறை அமுக்குவார், உடனே இவர் விழுவார். போடியில் ராவுத்தர் குஸ்தி மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றின் மேல் ஏறிக் குதித்தபோது இடறித் தலைகீழாக வந்திருக்கிறார்.

"கழுத்து ஒடிஞ்சிருக்கும். நான் குறுக்க போயித் தாங்குனேன். அவுக பொழைச்சாக, என் காலு போச்சு. 'தோக்கத்தேன் தெரியும் ஒனக்கு, காலையும் தோத்துட்டு வந்துட்ட'ன்னு எம் பொண்டாட்டி மூக்கம்மா இன்னைக்கும் சொல்றா. தொழில் ரகசியம், அவகிட்டயும் சொல்லல. புத்தகத்துலயாச்சும் வரும்னு இருந்தேன்."

ராவுத்தரிடம் அந்த வரியை மாற்றச் சொன்னேன்.

"தாங்குனான்னு எழுதுனா ஏன் தாங்குனான்னு கேப்பாக. பேசி வச்ச சண்டைன்னு ஆயிரும். அப்புறம் நான் ஜெயிச்சதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனாலும் புத்தகம் அவருடையது. அப்படியே அச்சடித்தேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

கல்யாண மண்டபத்தில் புத்தகத்தைக் கொடுத்து முடித்ததும் ராவுத்தர் சுருளியாண்டியை மேடைக்குக் கூப்பிட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மைக்கில் பேசினார்.

"போடியில நான் யாரு காலை ஒடிச்சேன்னு இவனே சொல்லுவான்."

மைக் சுருளியாண்டியின் வாய்க்குப் பக்கத்தில் போனது. பெண்கள் பக்கம் மூக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். சுருளியாண்டி வாயைத் திறக்கவில்லை. பிடித்த கை பிடித்தபடியே இரண்டு பேரும் நின்றார்கள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பிறகு அதுவும் நின்றது. ராவுத்தர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"நான் ஒடிக்கல" என்றார். "என் கழுத்துதான் ஒடிஞ்சிருக்கணும். இவன் காலைக் குடுத்துத் தாங்குனான். புத்தகத்துல பொய்யா எழுதிட்டேன்."

மூக்கம்மாள் எழுந்து நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். ஐநூறு பிரதியில் ஒன்றில்கூட அந்த வார்த்தைகள் கிடையாது. பயில்வான் சொல்லி நான் கேட்ட உருப்படியான சுயசரிதை அது ஒன்றுதான்.

பந்தியில் சுருளியாண்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ராவுத்தர் எப்படி மனம் மாறினார் என்று கேட்டேன். அவர் பிரியாணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வழக்கம்போல ரெண்டு அமுக்கு அமுக்குனாக. நான் விழல. நானும் திருப்பி ரெண்டு அமுக்குனேன்."