கர்த்தர் தாமதித்தால்

எங்கள் சபையில் எந்த அறிவித்தலும் இந்த இரண்டு சொற்களோடுதான் தொடங்கும். கர்த்தர் தாமதித்தால், வருகிற ஞாயிறு ஒன்பதரைக்கு ஆராதனை. கர்த்தர் தாமதித்தால், சனிக்கிழமை ஒரு கல்யாணம், எல்லோரும் வரவும். அதற்குள் அவர் வந்து உலகத்தை முடித்துவிட்டால் ஆராதனையும் இல்லை, கல்யாணமும் இல்லை என்று அர்த்தம். சபை கூடுவது கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில். கீழே மரக்கறிக்கடை. பாட்டு நடுவில் லொறியிலிருந்து பெட்டி இறக்கும் சத்தம் கேட்கும்.

நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை. கல்யாணம் கட்டித்தான் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தேன். என் கணவர் அதிலேயே பிறந்து வளர்ந்தவர். பல்வைத்தியரிடம் நாள் குறிக்கும்போதுகூட அந்த இரண்டு சொற்களை விடமாட்டார்.

"கர்த்தர் தாமதிச்சா, செவ்வாய்க்கிழமை காரைச் சேர்விசுக்கு விடவேணும்."

"கர்த்தர் வந்தாலும் ஒயில் மாத்தத்தான் வேணும்" என்று சீண்டுவேன். அவர் சிரிக்கமாட்டார். நாங்கள் இருவரும் சாகாமலே, உயிரோடு நின்று அந்த வருகையைக் காண்போம் என்பதில் அவருக்கு ஒரு துளி சந்தேகமும் இருந்ததில்லை.

போன வருடம் கோடை தொடங்கும்போது அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. மார்கழியைத் தாண்டுவது கஷ்டம் என்றார் டொக்டர். என் கணவர் நன்றி சொல்லி எழும்பி வந்து, காரில் ஏறி பெல்ற்றைப் போட்டார். "நாங்கள் உயிரோட நிண்டு பாப்பம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. முப்பத்தொரு வருடம் ஒன்றாக இருந்த மனுசனிடம் ஒழுங்காக விடைபெற வேண்டும். போகிறேன் என்று ஒத்துக்கொள்ளாத ஒருவரிடம் எப்படி விடைபெறுவது? அவர்மேல் கோபம் வந்தது. அந்த இரண்டு சொற்கள்மேல் இன்னும் கூடக் கோபம் வந்தது.

ஆவணியில் பெண்கள் கூட்டத்தில் வேதபாடம் எடுக்க என் முறை வந்தது. வேண்டுமென்றே ஒரு தலைப்பை எடுத்தேன்: முதல் விசுவாசிகள் எப்படிக் காத்திருந்தார்கள்? குசினி மேசையில் உட்கார்ந்து, புதிய ஏற்பாட்டில் உள்ள அந்தப் பழைய கடிதங்களை, எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் வரிசையில், வாசித்தேன்.

அவர்களும் தங்கள் காலத்திலேயே எல்லாம் முடியும் என்றுதான் இருந்திருக்கிறார்கள். சிலர் வேலையைக்கூட விட்டுவிட்டார்கள். பிறகு சபையில் சாவு விழுந்தது. காத்திருந்தவர்களே செத்துப்போனால் அவர்கள் கதி என்ன என்று மற்றவர்கள் கலங்கிப்போனார்கள். அவர்களைத் தேற்ற எழுதிய அப்போஸ்தலர், உயிரோடிருந்து காணப்போகும் கூட்டத்தில் தன்னையும் சேர்த்தே எழுதுகிறார். வருடங்கள் போகின்றன. அவருடையது என்று சொல்லப்படும் கடைசிக் கடிதத்தில், நான் புறப்படும் நேரம் வந்துவிட்டது என்று தன் சாவைப் பற்றி எழுதுகிறார். கூடவே, எங்கோ விட்டுவந்த தன் மேலங்கியை எடுத்துவரச் சொல்கிறார். குளிர்காலத்துக்கு முன்பே வந்துசேரும்படியும் கேட்கிறார்.

அந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றையும் கண்டேன். பிந்திய கடிதங்களில் விதவைகளுக்கு ஒரு பட்டியல் வருகிறது, யார் யாரைச் சபை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. நாளைக்கு உலகம் முடியும் என்று இருப்பவர்களுக்கு அப்படிப் பட்டியல் எதற்கு? முன்பென்றால் இதைச் சொல்லி அவரைச் சீண்டியிருப்பேன். அன்று முடியவில்லை.

பாடத்துக்கு எழுதிவைத்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அப்ப, தாங்கள் பிழை விட்டிட்டம் எண்டு அவை எங்கையாவது சொன்னவையோ?"

"இல்லை. ஒருதரும் சொல்லேல்லை. சொல்லுகளை மெல்ல மெல்ல மாத்திக்கொண்டு போயிருக்கினம்."

"காணும், விடும். நான் படுக்கப்போறன்" என்று எழும்பிப் போய்விட்டார்.

புரட்டாதியில் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் நான் புறப்படும்போது, "கர்த்தர் தாமதிச்சா, நாளைக்கு வரேக்க என்ர கறுத்த ஜக்கெற்றைக் கொண்டுவாரும்" என்றார். வெளியே நல்ல வெயில். குளிர்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று இன்னும் நம்புகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் அடுத்தநாள் மத்தியானம் கொண்டுபோனேன்.

"போடும்" என்றார்.

"ஆர், நானோ?"

"உம்மட ஜக்கெற் காத்துக்குத் தாங்காது. நீர் கார் ஓடப் பழகேல்லை. இந்த வின்ரர் பஸ்ஸிலதான் திரியவேணும். ஸ்ரொப்பில நிண்டாத் தெரியும்."

அந்த இரண்டு சொற்களுக்காகக் காத்திருந்தேன். முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக, வரப்போகும் நாளைப் பற்றி அவற்றைச் சொல்லாமல் பேசினார். நான் ஜக்கெற்றைப் போட்டேன். சொல்ல எவ்வளவோ சேர்த்துவைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"கை நீளம்."

"கிட்ட வாரும்."

கட்டிலோரம் இருந்தேன். ஜக்கெற்றின் இடக்கையை இரண்டு மடிப்பாக மடித்து, தட்டிவிட்டார். வலக்கையைப் பிடித்தபோது களைத்துப்போனார். "மற்றதை நீர் மடியும்" என்றார்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை அவர் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை சபையில் அறிவித்தார்கள்: கர்த்தர் தாமதித்தால், வியாழக்கிழமை அடக்க ஆராதனை. முன்வரிசையில் இருந்த எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அழுகையை நிறுத்த முடியவில்லை. கர்த்தர் தாமதித்தார். வியாழக்கிழமை அடக்கம் நடந்தது.

இப்போது தை மாதம். அந்த ஜக்கெற்றோடு பஸ் ஸ்ரொப்பில் நிற்கிறேன். அவர் சொன்னது சரி, காற்றுக்குத் தாங்குகிறது. அவர் மடித்த இடக்கையை நான் இன்னும் பிரிக்கவில்லை. வலக்கையை ஒவ்வொரு நாளும் நானே மடிக்கிறேன்.