நரியோடை அணையின் லஸ்கர்

அணை என்றால் தண்ணீர் நிற்க வேண்டும் என்றுதான் முள்ளிப்பட்டுப் பக்கத்தில் எல்லோரும் நினைத்தார்கள். தணிகாசலத்துக்கு அரசாங்கம் கொடுத்த வேலையோ தண்ணீரை நிற்கவிடாமல் பார்த்துக்கொள்வது.

நரியோடை சாதாரண நாளில் முழங்கால் நனையாமல் தாண்டிவிடக்கூடிய ஓடை. கார்த்திகையில் மேற்கே மலைப்பக்கம் மழை பிடித்துக்கொண்டால் அதன் குணமே மாறிவிடும். அறுபதுகளில் அப்படி ஒரு வருஷம் வெள்ளம் நெசவாளர் தெருவுக்குள் புகுந்தது. பட்டுத்தறி தரையில் தோண்டிய குழிமேல் நிற்பது. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் நெய்ய வேண்டும். வெள்ளத்துக்கு அதைவிடத் தோதான இடம் வேறு ஏது? முப்பத்தெட்டுக் குழிகளும் ஒரே காலையில் சேறாகின. அதில் ஒன்று தணிகாசலத்தினுடையது. தறி போயிற்று, அதில் பூட்டியிருந்த முதலாளி வீட்டுப் பட்டுநூல் பாவும் போயிற்று. அதற்கப்புறம் எந்த முதலாளியும் அவரை நம்பிப் பாவு கொடுக்கவில்லை.

அந்தத் தெருவைக் காப்பாற்றத்தான் ஓடைக்குக் குறுக்கே மண்ணணை போட்டார்கள். தணிகாசலம் மண் சுமக்கப் போனார். 1972இல் வேலை முடிந்தபோது, ஷட்டரை ஏற்றி இறக்கவும் கரையைக் கவனிக்கவும் தினக்கூலி லஸ்கராக அங்கேயே நின்றுவிட்டார். அணையைக் கட்டிய இன்ஜினியர் ஜினசந்திரன் மாற்றலாகிப் போகும் அன்று அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“இது ஏரி இல்ல, தணிகாசலம். பெரிய வெள்ளம் வந்தா ரெண்டு நாள் புடிச்சி வெச்சி, மெதுவா வெளிய விடறதுக்குத்தான் இது. காலியா இருந்தாத்தான் புடிக்க முடியும். ரெண்டு ஷட்டரும் எப்பவும் தொறந்தே இருக்கணும். யார் வந்து கேட்டாலும் சாத்தாத.”

பத்து வருஷம் அவர் சாத்தவில்லை. கரையில் முளைத்த வேலிக்காத்தானை வேர்விடும் முன்பே பிடுங்கினார். எலிவளைகளைக் களிமண் போட்டு இடித்து மூடினார். ஷட்டரின் திருகுக் கம்பிக்கு மாசாமாசம் கிரீஸ் தடவினார். 1977இல் ஓடை பொங்கி வந்தது. அணை முக்கால்வாசி நிறைந்து, மூன்று நாளில் வடிந்தது. கீழே தெருவில் ஒரு தறியின் வேலைகூட நிற்கவில்லை. தெருவுக்கு வராமல் போன வெள்ளத்தை யார் பார்த்தார்கள்? நன்றி சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. “காலி அணைக்கு ஒரு காவக்காரன்” என்ற கேலிதான் மிஞ்சியது.

பிறகு பஞ்சம் வந்தது. எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று இரண்டு வருஷமும் கிணறுகள் அடிபாறை தெரியக் கிடந்தன. ஊராட்சித் தலைவர் தங்கவேலு சுற்று வட்டாரத்தில் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார். ஒரு நாள் ஜீப்பில் புது அதிகாரி வந்து இறங்கினார்.

“ஷட்டர சாத்திடுய்யா. கொஞ்சம் தண்ணி நிக்கட்டும்.”

“எழுத்துல குடுத்துடுங்க சார்.”

“நான் சொல்றேன் இல்ல? எழுத்து வேணுமாம், எழுத்து!”

தங்கவேலுவின் ஆட்களே ஷட்டரை இறக்கினார்கள். தணிகாசலம் திறந்துவிடுவாரோ என்று பயந்து, திருகும் கைப்பிடியையும் கழற்றித் தலைவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

அடுத்த மழையில் அணை நிறைந்தது. கிணறுகள் ஊறின. பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி, புருஷன் இறந்த பிறகு தனியாகத் தறி நெய்து இரண்டு பெண்களை வளர்ப்பவள், குடத்தை இடுப்பில் வைத்தபடி சிரித்தாள். “அண்ணே, இத்தினி நாளா இந்தத் தண்ணிய ஏன் வீணா வுட்டுகினு இருந்தீங்க?” தணிகாசலத்தின் மனைவி கெங்கம்மாளும் அதையேதான் கேட்டாள். தணிகாசலத்துக்குப் பதில் தெரியும். ஆனால் ரெண்டு மைல் நடந்து தண்ணீர் சுமந்த பெண்களிடம் அதை எப்படிச் சொல்வது?

எண்பத்தைந்து ஆனியில் கரையின் வெளிப்பக்கம், அடிவாரத்தில், ஓரிடம் ஈரமாகவே இருந்தது. ஆவணியில் அங்கே கோரை முளைத்தது. தெளிந்த நீர் கசிந்தால் பரவாயில்லை. கலங்கல் வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அவருக்குத் தெரியும். ஒரு சோடா பாட்டிலில் பிடித்துப் பார்த்தார். அரைமணி நேரத்தில் அடியில் ஒரு விரல் செம்மண் படிந்தது. பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி ஆபீசுக்குப் போனார்.

அதிகாரி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். “ரிப்பேருக்கு இந்த வருஷம் ஃபண்டு இல்லப்பா.”

“ரிப்பேர் வேணாம் சார். ஷட்டரத் தொறந்து தண்ணிய எறக்கினாப் போதும். மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் கீது.”

“தொறந்தா அந்த ஊர்க்காரங்க சும்மா வுடுவாங்களா? தலைவரப் போய்க் கேளு.”

தலைவர் வீட்டுக்கு நாலு தடவை நடந்தார். நாலாவது தடவை தங்கவேலு கோபப்படக்கூட இல்லை. “எங்க அண்ணன் மகன் கெணறு வெட்டிக் கடன்ல கெடந்து மருந்து குடிச்சான், தணிகாசலம். இப்பத்தான் ஊரு மூச்சு வுடுது. பேஜார் பண்ணாத” என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர் மிகுநீர் வழியும் வாயைத் தொட்டது. கோரை முளைத்த இடத்தில் கைத்தண்டிக்குச் செம்மண் தண்ணீர் பீச்சியடித்தது. தணிகாசலம் ஓடினார். இந்தத் தடவை தங்கவேலுவே கைப்பிடியை எடுத்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். இரண்டு வருஷம் திருகாமல் துருப்பிடித்த கம்பி. ஆறு பேர் தொங்கித் திருகியும் ஒரு ஷட்டர் அசையவில்லை. இன்னொன்று ஒரு சாண் ஏறியது; கம்பி வளைந்து அப்படியே நின்றுவிட்டது.

“போயி தெருவுல சொல்லு, ஜல்தி!” என்று கத்தினார் தங்கவேலு.

தணிகாசலம் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்றது. அதை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். தெருவுக்குள் நுழைந்ததிலிருந்து வீடுவீடாகக் கதவைத் தட்டினார். “அணை வருது! மேட்டுக்குப் போங்க!” ஜனங்கள் குழந்தைகளை வாரிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஓடினார்கள். ஆதிலட்சுமியின் பெண்கள் இருவரையும் கெங்கம்மாள் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

ஆதிலட்சுமி தறிக்குழிக்குள் நின்று பாவை அறுத்துக்கொண்டிருந்தாள்.

“வாம்மா வெளிய! பட்டு எக்கேடோ கெட்டுப் போவட்டும்!”

“முதலாளி பாவுண்ணே. இது போனா எனக்கு வேற யார் குடுப்பாங்க? நீங்க நடங்க, இதோ வந்துகினே இருக்கேன்.”

பாவு போன நெசவுக்காரனின் கதி என்னவென்று அந்தத் தெருவில் அவரைவிடத் தெரிந்தவர் யார்? கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அடுத்த வீட்டில் நடக்க முடியாத கிழவர் ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தார். பாதி தூரத்தில் பின்னால் கரை உடைந்த சத்தம் கேட்டது.

மறுநாள் வெள்ளம் வடிந்த பிறகு, தெருக்கோடிப் புளியமரத்தடியில் ஆதிலட்சுமி கிடைத்தாள். சுருட்டிய பாவு அவள் உடம்போடு முந்தானையில் கட்டியிருந்தது. தெருவில் செத்தது அவள் ஒருத்திதான். ஒருத்திதானே என்று ஆபீசில் யாரோ சொன்னார்கள்.

விசாரணை ஏழு மாதம் நடந்தது. ‘உரிய நேரத்தில் ஷட்டரைத் திறக்கத் தவறியது’ என்று தணிகாசலத்தின்மேல் எழுதினார்கள். சாத்தச் சொன்ன உத்தரவு எங்கே என்றார்கள், வாய்வார்த்தைதான் என்றார். ஜினசந்திரன் எங்கிருந்தோ விவரம் கேட்டு வந்து, ஷட்டர் திறந்தே இருக்க வேண்டும் என்று தான் எழுதிவைத்துப் போனதைச் சொன்னார். அந்தக் காகிதம் ஃபைலில் இல்லை. தங்கவேலு கைப்பிடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் அவர் தணிகாசலம் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். தினக்கூலி ஆளை வேலைநீக்கம் செய்யப் பெரிய உத்தரவு தேவைப்படவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

எண்பத்தேழில் உடைப்பை அடைத்து, கரையை ஒரு முழம் உயர்த்தினார்கள். கோடையில் மறுபடியும் மனுப் போயிற்று. மறுபடியும் ஷட்டரைச் சாத்தினார்கள். தெருவில் அதே இடத்தில் குழி தோண்டித் தறி பூட்டினார்கள். தணிகாசலம் கண்ணமங்கலத்துக்குக் குடிபோய், அங்கே ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். ஆதிலட்சுமியின் பெரிய பெண் தாயின் தறியில் உட்கார்ந்தாள். சின்னவளைக் கெங்கம்மாள் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

அதன்பின் இரண்டு வருஷம், ஐப்பசி பிறந்ததும் அவர் தெருவுக்குப் போய், தறியையாவது மேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். “மேட்டுல எடம் யார் குடுப்பாங்க?” என்று கேட்டார்கள். அவரிடம் இடம் இல்லை.

மூன்றாம் வருஷம் மழை தொடங்கியபோது கெங்கம்மாள் கேட்டாள்: “இந்த வாட்டி போவலியாங்க?”

“போயி இன்னா சொல்றது?” என்றார் அவர். சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினார்.