சுண்ணாம்பு படாத கறை

பிச்சையம்மாளுக்குக் கோபம் வந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. புருஷன் பாம்பு தீண்டிச் செத்த வருஷம் பங்காளிகள் வந்து நஞ்சையைப் பங்குபோட்டுக்கொண்டு போனார்கள். அப்போதுகூட, "முருகன் பார்த்துக்குவான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு களையெடுக்கப் போனவள். பிறந்தது அன்னவாசல். வாழ்க்கைப்பட்டது விராலிமலைக்கு மேற்கே இருக்கும் இந்த ஊர். கிருத்திகை தவறாமல் மலையேறிக் கும்பிட்டு வருவாள். அப்படிப்பட்டவளுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் ஒரு கோபம் வந்தது. வந்த கோபம் போகவே இல்லை.

அந்த வருஷந்தான் பஞ்சாயத்தில் புதுக் கூடம் கட்டி ரேடியோப் பெட்டி வைத்தார்கள். கூட்டிப் பெருக்க, பானையில் தண்ணீர் வைக்க, சாயங்காலம் ரேடியோவைத் திருகிவிடப் பிச்சையம்மாளைப் போட்டார்கள். பகலில் வயசானவர்கள் அங்கே கூடி இருக்க வேண்டும் என்பது யூனியன் ஆபீஸ் உத்தரவு. பிரசிடெண்டு சிவசாமி தண்டோராப் போடச் சொன்னார். ஒரு கிழம்கூட எட்டிப் பார்க்கவில்லை.

எப்படி வருவார்கள்? வீட்டில் சும்மா கிடப்பதற்கும் கூடத்தில் போய்ச் சும்மா கிடப்பதற்கும் என்ன வித்தியாசம்?

பிச்சையம்மாளின் பக்கத்து வீட்டுக்காரர் அய்யாக்கண்ணு. பொண்டாட்டி செத்து, பல்லும் போனவர். மகனும் மருமகளும் விடியுமுன்னே கடலைக்காட்டுக்குப் போய்விடுவார்கள். கை நடுக்கத்தில் அவரால் வெற்றிலை இடிக்க முடியாது. முழுப் பாக்கைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு பொழுது சாயும்வரை படுத்திருப்பார். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு மாமியாரின் வெற்றிலை உரல் ஞாபகம் வந்தது. கைக்கு அடக்கமான இரும்பு உரல், ஒரு சாண் உலக்கை. பரணிலிருந்து எடுத்துப் புளி போட்டுத் துலக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோனாள்.

"மாமா, கூடத்துக்கு வாங்க. இடிச்சுத் தாரேன்."

அவர் வந்தார். உரல் சத்தம் தெருவுக்குக் கேட்டது. சத்தம் கேட்டுச் சின்னப்பிள்ளைக் கிழவி வந்தாள். அவளைக் கேலி பேச இரண்டு பேர் வந்தார்கள். ஒரு மாசத்தில் கூடம் நிறைந்துவிட்டது. வருகிறவர்கள் நின்றுவிடாமல் இருக்கப் பிச்சையம்மாள் ஒரு வழக்கம் வைத்தாள். யாரும் தனக்குத் தானே இடித்துக்கொள்ளக் கூடாது. அடுத்தவருக்குத்தான் இடிக்க வேண்டும். கை நடுங்குகிறவர் பாக்கு வெட்டலாம், சுண்ணாம்பு தடவலாம். ஒருத்தர் வராவிட்டால் இன்னொருத்தர் வாய் காய்ந்து கிடக்கும். அதனால் வராதவரைத் தேடிக்கொண்டு ஆள் போகும்.

"அய்யாக்கண்ணு, சுண்ணாம்பைக் கொறைய்யா. செத்துப்போன ஒம் பொண்டாட்டி நாக்கு மாதிரி சுடுது" என்பாள் சின்னப்பிள்ளை.

"அவ நாக்குக்குப் பயந்துதான் நான் நல்லவனா இருந்தேன். ஒன்னைக் கட்டுனவன் பாவம், பேச வாயே தெறக்காம போயிட்டான்."

இப்படித்தான் அங்கே பகல் போகும். துப்புவதற்கு மணல் போட்ட சட்டியைப் பிச்சையம்மாள் மூலையில் வைத்திருந்தாள். தினம் அவளே கொட்டிக் கழுவினாள். தரையில் ஒரு சொட்டு விழாது.

ஐப்பசியில் ஒருநாள் பிரசிடெண்டு வந்தார். ஜன்னலுக்குக் கீழே சுவரில் கையகலத்துக்கு ஒரு சிவப்புக் கறை இருந்தது. அதைக் காட்டிச் சத்தம் போட்டார்.

"கவர்மெண்டு கட்டிக் குடுத்த கூடத்தைத் துப்பித் துப்பி நாறடிச்சிருக்கீங்க. இனிமே வெத்தலையே கூடாது. இது சுகாதாரமான எடம்."

உரலைப் பிடுங்கிப் பக்கத்துச் சாமான் அறையில் போட்டுப் பூட்டச் சொன்னார். அதற்குப் பதிலாக ஒரு கேரம் பலகையும் நாலு சிலேட்டும் வந்தன.

அந்தக் கறை யாருடையது என்று பிச்சையம்மாளுக்குத் தெரியும். பிரசிடெண்டுக்கும் தெரியும். திறப்பு விழாவன்று திருச்சியிலிருந்து வந்த அவர் மச்சினன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே துப்பினது அது. அன்று சாயங்காலமே சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. அதைக் கிழவர்கள் தலையில் கட்டியபோது அவள் வாய் திறக்கவில்லை. சாமான் அறைச் சாவியும் அவள் இடுப்புக் கொத்தில்தான் தொங்கியது. ஆனாலும் தொடவில்லை. அவள் சுபாவம் அது.

கூடம் காலியாகிவிட்டது. கண் தெரியாதவர்களுக்குக் கேரம் எதற்கு, சிலேட்டு எதற்கு? அய்யாக்கண்ணு மாட்டுக் கொட்டகையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சிச் சட்டியில் ஈ மொய்த்தது.

கார்த்திகையில் பிரசிடெண்டு மறுபடி கூப்பிட்டு விட்டார்.

"பிச்சையம்மா, வெள்ளிக்கெழமை யூனியன் ஆபீஸ்லேருந்து ஒரு அதிகாரி அம்மா கூடத்தைப் பாக்க வாராக. கெழடுகளைக் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டிக் கொண்டாந்து ஒக்கார வையி. வராட்டி, யாருக்கும் வேண்டாத கூடம்னு எழுதிட்டு உர மூட்டை அடுக்கிருவேன்."

"உரலைத் திருப்பிக் குடுத்தா வருவாங்கய்யா."

"அந்த அம்மா முன்னாடி வாயைச் செவக்க வச்சுக்கிட்டு ஒக்காரவா? அறிவிருக்கா ஒனக்கு?"

அவள் வீடு வீடாகப் போனாள். சின்னப்பிள்ளை முகத்துக்கு நேரே கேட்டாள்: "எங்களை என்ன கொலுப் பொம்மைன்னு நெனைச்சியா மருமகளே? எடுத்து வச்சுப் பாத்துட்டு, மறுபடி பெட்டியில போட்டு மூடுறதுக்கு?"

"நீங்க வராட்டி எடமே போயிரும் அயித்தை."

"போகட்டும். மரியாதை போனப்பவே போச்சு."

கடைசியாக மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். அய்யாக்கண்ணு திரும்பவில்லை. "சுவத்துல நான் துப்பலை ஆத்தா" என்றார். அவ்வளவுதான். எழுபது வயசு மனுஷன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியாரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

அங்கேதான் அவளுக்குக் கோபம் வந்தது. நிலம் போனபோது வராதது, தாலி போனபோது வராதது, அத்தனையும் சேர்ந்து வந்தது.

வெள்ளிக்கிழமை யூனியன் அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். பிரசிடெண்டு மாலையோடு நின்றார். உள்ளே வெறும் பாய்கள்.

"பெரியவங்க யாரையும் காணோமே" என்றார் அந்த அம்மா.

"என்ன செஞ்சும் வரமாட்டேங்குறாங்கம்மா. அறியாத சனம்."

பிச்சையம்மாள் சாமான் அறையைத் திறந்தாள். உரலை எடுத்து வந்து, கூடத்து வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மடியிலிருந்த பாக்கைப் போட்டு இடிக்க ஆரம்பித்தாள். டொக், டொக் என்று தெரு முழுக்கக் கேட்டது. பிரசிடெண்டு கண்ணை உருட்டினார். அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

முதலில் சின்னப்பிள்ளை எட்டிப் பார்த்தாள். அப்புறம் கம்பு ஊன்றி ஒருத்தர், தோளைப் பிடித்து ஒருத்தர். கடைசியில் அழுக்கு வேட்டியோடு, தாடியில் வைக்கோல் ஒட்டியிருக்க, அய்யாக்கண்ணு.

"என்னம்மா இது? கூடத்தில வெத்திலை போடலாமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

பிச்சையம்மாள் எழுந்தாள்.

"விராலிமலையில முருகனுக்கே சுருட்டு வச்சுக் கும்பிடுறோம். சாமியே வாங்கிக்கிறாரு. எங்க கெழவனுக்கு ஒரு வாய் வெத்தலை ஆகாதாம்மா? எச்சில் துப்பச் சட்டி வச்சிருக்கேன். அதைக் கழுவுறவ நான். அந்தச் சுவத்துக் கறை இவுக துப்புனது இல்லை. தெறப்பு விழாவுல நாக்காலியில ஒக்காந்திருந்தவுக துப்புனது. யாருன்னு பிரசிடெண்டு அய்யாவைக் கேளுங்க. சோறு போட வேணாம், துணி குடுக்க வேணாம். செய்யாத குத்தத்தை இவுக தலையில கட்டாம இருங்க."

அந்த அம்மா கறையைப் பார்த்தார், பிரசிடெண்டைப் பார்த்தார். "சட்டியை மூடி வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, காபி குடிக்காமலே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே பிரசிடெண்டு சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார். வேலை போயிற்று.

மறுநாள் பகலில் கூடம் பூட்டிக் கிடந்தது. கிழவர்கள் திரும்பிப் போகவில்லை. படியிலேயே உட்கார்ந்தார்கள். பிரசிடெண்டு வீடு எதிர்த்தாற்போல் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கண் அசருகிற நேரம் பார்த்து உரல் சத்தம் எழும்பியது. ஒருத்தர் கை ஓய்ந்தால் இன்னொருத்தர். அய்யாக்கண்ணுகூட நடுங்குகிற கையால் உலக்கையைப் பிடித்துக் கருங்கல் படியில் வைத்த வெறும் உரலை இடித்தார்.

"மெதுவாய்யா, கல்லு பொடியாயிரும்" என்றாள் சின்னப்பிள்ளை.

"ஆகட்டும்" என்றார் அவர்.

அந்த வாரம் முடிவதற்குள் பிரசிடெண்டின் பெண்சாதியே சாவியைக் கொண்டுவந்து பிச்சையம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். உர மூட்டை வரவில்லை. சம்பளமும் வரவில்லை. காலையில் களையெடுப்பு, பகலில் கூடம் என்று பிச்சையம்மாள் பதினோரு வருஷம் அங்கே கூட்டிப் பெருக்கினாள்.

மலைக்குப் போகும்போதெல்லாம் கோபத்தை எடுத்துக்கொள்ளும்படி முருகனிடம் கேட்டாள். அவன் எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு கேட்பதையே விட்டுவிட்டாள்.

தைப் பொங்கலுக்குத் தைப் பொங்கல் கூடத்துக்கு வெள்ளையடிப்பவளும் அவள்தான். நாலு சுவரும் பால்போல் இருக்கும். ஜன்னலுக்குக் கீழே அந்தக் கையகலத்தில் மட்டும் சுண்ணாம்பு மட்டையைப் படவிட மாட்டாள். விட்டுப்போயிருக்கிறதே என்று யாராவது சொன்னால், "தெரியும், இருக்கட்டும்" என்பாள்.