சம்பா கோயில் பார்க்கப் போன நாள்

கலியமூர்த்தியைக் கோபக்காரர் என்று அரியாங்குப்பமே சொல்லும். பாவம், அவருக்குக் கோபமும் இல்லை ஒன்றும் இல்லை, காதுதான் மந்தம். நூறு தறி ஒரே நேரத்தில் ஓடும் மில் கூடத்தில் பதினெட்டு வருஷம் நின்றவர். தனக்குக் கேட்கிற அளவுக்கு அவர் பேசினால் அடுத்தவருக்கு அது சண்டையாகத்தான் தெரியும். அவருடைய சிநேகிதர் வெற்றிச்செல்வனுக்கும் அதே காது. இரண்டு பேரும் டீக்கடையில் சேர்ந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் கிளாசை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். ஆனால் முக்கியமான விஷயம் என்றால் இவர்கள் சத்தமே போடுவதில்லை. தறிக் கூடத்து வழக்கப்படி உதட்டை மட்டும் அசைப்பார்கள். ஒருவர் உதட்டை மற்றவர் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வார்.

தொண்ணூற்று எட்டில், மில் மூடுவதற்கு முன்னால், ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. அந்தச் சமயத்தில் யாரோ பன்னிரண்டு தறிகளில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவு நூலை பிளேடால் அறுத்துவிட்டார்கள். பக்கத்துத் தறிகளில் நின்றவர்கள் என்று இந்த இரண்டு பேரையும் நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. வேலை போனதைக் கலியமூர்த்தி என்றைக்கோ மறந்துவிட்டார். மில்லே போய்விட்டது, இனி வேலை எங்கே? அவரால் தாங்க முடியாதது அந்தப் பழிதான். நெய்கிறவனே பாவை அறுத்தான் என்பது, சமையல்காரனே சோற்றில் மண் போட்டான் என்கிற மாதிரி. ‘இவர் அறுக்கவில்லை’ என்று ஒரு காகிதத்தில் எழுதி, கோர்ட்டு முத்திரை குத்திக் கையில் கொடுக்க வேண்டும். சாவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும். இருபத்தாறு வருஷமாக அதற்குத்தான் வழக்கு.

வழக்குக்கு இரண்டு பேரும் ஒரு முறை வைத்திருந்தார்கள். கலியமூர்த்தி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன், வெற்றிச்செல்வன் தவளக்குப்பத்தில் சிமெண்டுக் கடையில். இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு போட்டால் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு வாய்தாவுக்கு இவர், அடுத்த வாய்தாவுக்கு அவர். போனவர் சாயங்காலம் வந்து நடந்ததையும் அடுத்த தேதியையும் சொல்வார். மற்றவர் காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்வார். தொழிற்சங்கம் வைத்துக் கொடுத்த வக்கீல் இறந்து, வழக்கைத் தாங்களே பார்க்க வேண்டி வந்த பிறகும் முறை மாறவில்லை.

“ஒரு தபாவாவது ரெண்டு பேரும் சேந்து போங்களேன்” என்பாள் கலியமூர்த்தியின் மனைவி சுலோசனா.

“அவன் போனா நான் போன மாதிரி” என்று அவள் வாயை அடைத்துவிடுவார்.

போன வாய்தா வெற்றிச்செல்வனின் முறை. வந்து, “அடுத்த மாசம் இருபதாந் தேதி, கலியா. இந்த மாசம் ஒண்ணும் கெடையாது” என்றார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார். “எங்கெங்கேருந்தோ வந்து நம்ம பாண்டிய சுத்திப் பாக்குறான். நாம இங்கியே கெடக்குறோம், சம்பா கோயில் உள்ள என்னா இருக்குன்னு தெரியுமா உனக்கு? வர்ற வியாழக்கெழம போவோம். ஒரு நாளு டூரிஸ்டா இருந்து பாப்போம்.”

மிஷன் வீதியில் இருக்கும் பேராலயத்தைத்தான் ஊரில் சம்பா கோயில் என்பார்கள். பல தடவை இடிபட்டு எழுந்த பழைய கோயில். அந்தத் தெருவில் ஆயிரம் முறை சைக்கிளில் போயிருந்தும் கலியமூர்த்தி உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. சந்தோஷத்துக்காக அவர் லீவு கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. குடியிருப்புச் செயலாளர் நம்பவில்லை, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலையில் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிநேகிதரோடு பஸ் ஏறினார். கடலூர் சாலையில் கோர்ட்டு வாசலை பஸ் கடக்கும்போது வெற்றிச்செல்வன் அவர் தோளைத் தட்டி, எதிர்ப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பிரியாணிக் கடையைக் காட்டினார். கலியமூர்த்தியும் மெனக்கெட்டுத் திரும்பிக் கடையைப் பார்த்தார். பிறகு கடற்கரையில் நடந்தார்கள். வெற்றிச்செல்வன் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார், செல்ஃபி எடுத்தார். அவர் அவ்வளவு தாராளமாக இருந்து கலியமூர்த்தி பார்த்ததில்லை. இப்படி ஒரு சிநேகிதன் யாருக்கு வாய்ப்பான் என்று மனசுக்குள் பூரித்துக்கொண்டார்.

சம்பா கோயிலுக்குள் போகும்போது மணி பதினொன்றரை. உயரமான விதானத்தைப் பார்த்ததும் வழக்கமாகக் கத்துகிற கலியமூர்த்திக்கே குரல் அடங்கிவிட்டது. ஐந்தாறு பேர் பெஞ்சுகளில் முட்டி போட்டு ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

வெற்றிச்செல்வனின் போன் அடித்தது. காது மந்தமானவர் போனை எப்படி வைத்திருப்பார்? ஸ்பீக்கரில், முழுச் சத்தத்தில். அவருக்கு அதை எடுக்கத்தான் தெரியும், சத்தத்தைக் குறைக்கத் தெரியாது. எடுத்தார். பேசியது அவர் மகன் வினோத்குமார், கலியமூர்த்தியைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவன்.

“அப்பா, கோர்ட்டு முடிஞ்சிடுச்சு. பெரியப்பா பேர மூணு வாட்டி கூப்ட்டாங்க, ஆளு வரல. போன வாட்டி நீ எழுதிக் குடுத்தத அப்படியே எடுத்துக்கிட்டாங்க. பெரியப்பாதான் பாவ அறுத்தாருன்னு ஆயிடுச்சு. உன்ன விட்டுட்டாங்க. ஓட்டல்ல என்னைத் திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க. பெரியப்பா பக்கத்துல இருக்காரா என்னா?”

ஜெபம் செய்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கலியமூர்த்தியின் மந்தக் காதில் ஓர் எழுத்து விடாமல் விழுந்தது. ஐஸ்கிரீமும் செல்ஃபியும் பிரியாணிக் கடையும் எதற்கென்று அவருக்கு விளங்கிவிட்டது. அங்கேயே வெற்றிச்செல்வனின் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பார். எதிரே ஒரு கன்னியாஸ்திரி உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

வெற்றிச்செல்வன் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார். “கேஸு முடியாம மில்லுக்காரங்களால அந்த எடத்த விக்க முடியல. ஒருத்தர் பேர எழுதிக் குடுத்தா அவுங்க ஓட்டல்ல வினோத்துக்கு வேல தரேன்னாங்க. உனக்குப் புள்ள குட்டி இல்லியே, கலியா.”

“நான் அறுக்கலன்னு உனக்குத் தெரியாது?” என்று கலியமூர்த்தியின் உதடும் சத்தமில்லாமலே கேட்டது.

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

வெற்றிச்செல்வன் போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு முகத்தை நிமிர்த்தினார். பக்கத்தில் இருந்த ஒருவருக்கும் கேட்காமல், கலியமூர்த்திக்கு மட்டும் தெரியும்படி அவர் உதடு அசைந்தது.

“நாந்தான அறுத்தேன்.”

இருபத்தாறு வருஷம். முறை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போன இருபத்தாறு வருஷம். மழையில் நனைந்துகொண்டு வந்து, “கவலப்படாத, நம்ம பக்கம் நியாயம் இருக்கு” என்று தேதி சொன்ன மனுஷன். கலியமூர்த்திக்கு அடிக்கக் கை எழவில்லை, அழுகைதான் வந்தது. அந்த ஆளுக்கு முன்னால் அழக்கூடாது என்று எழுந்து நடந்தார். பின்னால் வெற்றிச்செல்வன், “கலியா” என்று சத்தமாகவே கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.

ஆட்டோ பிடித்துக் கோர்ட்டுக்குப் போனபோது சாப்பாட்டு நேரம். குமாஸ்தா டிபன் பாக்ஸை மூடிவிட்டு, “இவ்ளோ நேரம் எங்க போயிருந்தீங்க?” என்றார். கலியமூர்த்தி நடந்ததைச் சொன்னார். அவருடைய குரலுக்கு வராந்தாவே வந்து நின்றது.

“எங்கிட்ட கத்தி என்னா புண்ணியம்? திரும்ப விசாரிக்கச் சொல்லி மனு போடுங்க. ஏன் வரலன்னு காரணம் எழுதணும். தேதிய யாரு மாத்திச் சொன்னதுன்னு பேரும் எழுதணும்.”

கலியமூர்த்தி வராந்தாவில் உட்கார்ந்து எழுதினார். வெற்றிச்செல்வன் பாவு அறுத்ததை எழுதினார், தன் வாயால் ஒப்புக்கொண்டதை எழுதினார், சம்பா கோயிலை எழுதினார். குமாஸ்தா வாங்கிப் படித்துவிட்டு ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“இந்த வெற்றிச்செல்வன் உங்களுக்கு என்னா வேணும்னு போடலியே. கேப்பாங்க.”

கலியமூர்த்தி பேனாவைத் திரும்ப வாங்கினார். இத்தனை வருஷம் யார் கேட்டாலும் யோசிக்காமல் ‘சிநேகிதன்’ என்று சொல்லிவந்தவர். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, ‘ஒன்றும் வேண்டாதவர்’ என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார்.