நாற்பது அடி நிலா

காலை ஏழு மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து புறப்பட வேண்டிய ஈப்போ பேருந்து ஏழே முக்காலுக்குப் புறப்பட்டது. டிக்கெட் ஏழு வெள்ளி. என் மடியில் பிலிம் ஒட்டும் கருவி, பசை, ஒட்டுநாடா, பஞ்சு, ஒரு வட்டத் தகர டப்பா. டப்பாவுக்குள் மனிதன் நிலவில் இறங்கிய படம்.

படங்களை வாடகைக்கு விடும் கம்பெனியில் பிலிம் பழுது பார்ப்பது என் வேலை. நிலவில் இறங்கிப் பத்தாண்டு நிறைகிறதென்று, ஞாயிற்றுக்கிழமை ஒரு தமிழ்ப்பள்ளியில் இந்தப் படத்தைக் காட்ட முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் ஓட்டிப் பார்த்தோம். ஏணியில் ஒருவர் இறங்குகிறார். அடுத்த கணம் கொடி நிற்கிறது. கால் வைப்பதைக் காணோம். யாரோ நடுவில் வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

முன்பு பேராக் மாநில ரப்பர் தோட்டங்களில் அதை ஓட்டியவர் எங்கள் பழைய ஆபரேட்டர் அந்தோணிசாமி. கடிதம் போட்டேன். "துண்டு என்னிடம்தான் இருக்கிறது. நேரில் வந்தால் தருகிறேன்" என்று ஒரே வரியில் பதில். தபாலில் அனுப்பினால் என்னவாம் என்று முதலாளியிடம் கேட்டேன். "ஒரு நடை போயிட்டு வந்துடுலா" என்றார். போகிறவள் நான்தானே.

வழியில் தாப்பாவில் தேநீர் குடிக்க இறங்கிய ஓட்டுநர் முக்கால் மணி நேரம் கழித்து ஏறினார். ஈப்போவை அடைந்தபோது மணி ஒன்று. அங்கிருந்து மூன்று மைலில் அந்தோணிசாமி குடியிருக்கும் குனோங் ராபாட். சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் வரிசை வரிசையாக ஒரே அச்சில் வீடுகள். டாக்சிக்காரர் இரண்டு முறை சுற்றிவிட்டு நிறுத்தினார்.

"எல்லா வீடும் ஒண்ணாத்தான் இருக்குக்கா. எறங்கி ஆளக் கேட்டுப் பாருங்க."

வெயிலில் நாலு சந்து நடந்து கேட்டேன்.

ஒன்றே முக்காலுக்கு அந்தோணிசாமி கதவைத் திறந்தார். அறுபதை நெருங்கும் மெலிந்த மனிதர். துண்டைக் கேட்டால் சோறு சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டு முடித்துக் கேட்டேன்.

"குடுக்குறேன் தங்கச்சி. ஆனா இங்கயே ஒட்டி, ஒரு தடவ ஓட்டிக் காட்டிட்டு எடுத்துட்டுப் போ."

"யாருக்கு?"

"பக்கத்து ஊரு லகாட்ல முனியாண்டின்னு என் மச்சான். முன்ன தோட்டத்துல பக்கத்து வீடு."

"நாலு மணி பஸ்ஸ நான் புடிக்கணும்ணே."

"போலாம், போலாம்" என்றார், அசையாமல்.

பிறகு மெல்லச் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன் அவர்கள் தோட்டத்துத் திடலில் படம் ஓடும்போது இயந்திரம் பிலிமைக் கடித்துவிட்டது. கிழிந்த நாற்பது அடியை வெட்டியெடுத்து அவசரமாக ஒட்டி ஓட்டினார். வேலை போய்விடுமென்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. "நடுவுல எங்க போனான்? எல்லாம் பொய்" என்று முனியாண்டி அன்றே எழுந்து கத்தினாராம். அன்றிலிருந்து அதையேதான் சொல்லி வருகிறாராம்.

பிஸ்கட் டின்னிலிருந்து சுருள் வெளியே வந்தது. ஒரே பூஞ்சணம். ஓரத் துளைகள் பாதி கிழிந்திருந்தன. அடி அடியாகத் துடைத்து, கிழிந்த ஓரமெல்லாம் துளையிட்ட நாடா ஒட்டி, கடைசியில் படத்தோடு சேர்த்தேன். இத்தனை பாடும் திரையில் ஒரு நிமிடத்துக்கு. காற்றாடி சுற்றினால் நாடா பறக்கிறது. நிறுத்தினால் வியர்வை பிலிமில் சொட்டுகிறது. நாலு மணி பேருந்து போயே போய்விட்டது.

ஐந்து மணிக்கு முனியாண்டி மோட்டார் சைக்கிளில் வந்தார். ஜன்னல்களில் கம்பளி கட்டி, சுவரில் வேட்டி விரித்து, கோயில், சர்ச் விழாக்களுக்கு ஓட்டும் தன் பழைய இயந்திரத்தை அந்தோணிசாமி கிளப்பினார். சாம்பல் நிற மங்கல். ஏணி. ஒரு கால் கீழே வந்து பதிந்தது.

"இது அன்னிக்கு இல்லையே" என்றார் முனியாண்டி.

"இருந்துச்சு. நான்தான் வெட்டுனேன் மச்சான்."

முனியாண்டி திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"நிலாவுக்கு யாரும் போகலன்னு என் மவ பரீட்சையில எழுதி அடி வாங்குனா. தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். அதான் வரச் சொன்னேன்."

முனியாண்டி எழுந்து வெளியே போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் சுருளை டப்பாவில் வைக்கப் போனேன். ஆறு மணிக்குக் கடைசிப் பேருந்து.

"அவன் வருவான். கொஞ்சம் இரு தங்கச்சி" என்றார் அந்தோணிசாமி. அவர் முகத்தைப் பார்த்தபின் எழுந்திருக்க முடியவில்லை. மனதுக்குள் முதலாளியைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறே காலுக்கு முனியாண்டி மகள் செல்வியோடு வந்தார். தொழிற்சாலைச் சீருடைகூட மாற்றாத இருபது வயதுப் பெண். அந்தோணிசாமி மறுபடி ஓட்டினார். அவள் நின்றபடியே பார்த்தாள்.

"பார்த்தியா? போயிருக்கானுங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார் முனியாண்டி.

"எனக்கு அப்பவே தெரியும்பா. வாத்தியார் பேப்பர்ல காட்டுனாரு."

"அப்புறம் ஏன் அப்படி எழுதுன?"

"தோட்டமே உங்களப் பாத்துச் சிரிச்சிச்சு. நானும் அவங்க பக்கம் போயிட்டா, உங்களுக்கு யாரு இருக்கா?"

முனியாண்டி மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். "இன்னொரு தடவ ஓட்டு மச்சான்" என்றார். அந்தோணிசாமி சுருளைத் திருப்பிச் சுற்றினார். நான் ஒட்டிய இடம் அறுந்துவிடுமோ என்று சுருளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறவில்லை.

அன்றிரவு அந்த வீட்டிலேயே படுத்தேன். மறுநாள் சனிக்கிழமை, காலைப் பேருந்தில் ஊர் திரும்பினேன். அதுவும் தாமதம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி மண்டபம் நிறைந்திருந்தது. நான் ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து ஒட்டிய நிமிடம் வந்தது, போனது. ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "பரவால்ல, நல்லாத்தான் ஓடுது" என்றார் முதலாளி. எனக்கு முன்வரிசையில் ஒரு சிறுமி, அந்த ஆளுக்கு அங்கே எப்படி மூச்சு வருகிறது என்று தன் அப்பாவைக் கேட்டாள். அவர் நிலாக் காற்றைப் பற்றி நீளமாக விளக்கிக்கொண்டிருந்தார். அத்தனையும் தப்பு. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சரியான பதில் என் வாய் வரை வந்தது. விட்டுவிட்டேன்.