மாவுக்கட்டும் பிரண்டையும்

பொம்மிடி ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்து எனக்கு இடது முன்கை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். வீட்டில் மாமியார் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். ராகிக் களியும் ஆட்டுக்கால் சூப்பும் மாறி மாறி வந்தன. பிரண்டைத் துவையல் மட்டும் எல்லா வேளையும் வந்தது. எலும்பு கூடுவதற்குப் பிரண்டையை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி.

ஒரு மதியம் மாத்திரை போட்டுத் தூங்கி எழுந்தபோது கட்டின் முழங்கைப் பக்கம் ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். அன்றிலிருந்து உள்ளே அரிப்பு பிடுங்கித் தின்றது.

"அரிச்சா எலும்பு கூடுதுன்னு அர்த்தம் கண்ணு, பொறுத்துக்க" என்றார் மாமியார். பார்க்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன்.

கட்டைப் பிரித்த டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். தோல் வெந்தது மாதிரி சிவந்து கிடந்தது. அதன்மேல் பச்சையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"பிரண்டைச் சாறுங்க" என்றார் மாமியார், வெகு சாதாரணமாக. "வாயில குடுத்தா வயித்தச் சுத்திக்கிட்டுப் போவணும். அதான் தூங்கறப்ப நேரா உள்ள ஊத்தி வுட்டேன். எலும்பு கூடிருச்சுங்களா?"

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "கூடிருச்சு" என்றார். அந்த மனுஷன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நேற்று எதிர்வீட்டுக்காரர் காலில் மாவுக்கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். சற்று நேரம் கழித்துக் கொல்லைப்பக்கம் போனேன். மாமியார் வேலியில் பிரண்டை ஒடித்துக்கொண்டிருந்தார். அரிக்கக் கூடாதென்று தன் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் நல்லெண்ணெய் தடவியிருந்தார்.